புதுக் கட்டடத்தின் தோற்றத் தாக்கம்: பார்வைப்பரப்பு வரைபடமா, போட்டோமான்டாஜா?

புதுக் கட்டடம் எங்கிருந்தெல்லாம் தெரியும் என்று கேட்டால், ஜிஐஎஸ்ஸில் (கணினி வரைபட மென்பொருளில்) போடும் பார்வைப்பரப்பு வரைபடம்; கட்டடம் தெரியும் இடங்களுக்கு அது நிறம் போடும். எப்படித் தெரியும் என்றால் போட்டோமான்டாஜ், அதாவது அந்த இடத்தின் போட்டோவில் கட்டடத்தின் 3டி மாதிரியைச் சேர்த்த படம்.

வரைபடத்துக்குத் தரையுயரத் தரவும் கட்டட உயரமும் போதும். கண்மட்டம் 1.6 மீட்டர் என்று வைக்கலாம். மரமும் வீடும் இல்லாத வெறுந்தரைத் தரவைக் கொடுத்தால், தெரியாத தெருவையும் தெரிவதாகக் காட்டும். புவி வளைவை மறந்தாலும் அதே கதைதான்: ஒளிவிலகலை (காற்றில் ஒளி சற்றே வளைவதை) கழிக்காமல் பார்த்தால் 10 கி.மீ. தொலைவில் ஏறக்குறைய 7.8 மீட்டர் பிசகும்.

போட்டோமான்டாஜில்தான் வேலை அதிகம். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், முக்காலி. கேமரா நின்ற இடத்தையும், கூரை முனை, விளக்குக் கம்பம் போன்ற புள்ளிகளையும் சர்வே செய்து 3டி மாதிரியைப் பொருத்த வேண்டும். கம்ப உச்சி விலகினால் கட்டடமும் விலகும். 24 மி.மீ. லென்ஸில் எடுத்து அதே அளவில் அச்சிட்டால் கட்டடம் பாதியாகச் சுருங்கும், கட்டுபவருக்குத்தான் வசதி!

வரைபடத்தை முதலில் போட்டு, நிறம் விழுந்த இடங்களில் மட்டும் முக்காலியை நிறுத்துங்கள்.