சிம்ஹப்பும் சொந்தக் கைவேலையும்: டேஷ்போர்டு, அதிர்வு இருக்கை பற்றிய ஒரு நீண்டகாலப் பயனரின் மதிப்புரை

பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது முன்சக்கரங்களில் எது சுழலாமல் நின்றுவிட்டது என்பதைத் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் வளைவு முடிந்துவிடும். உண்மையான காரில் இந்தச் செய்தியை ஓட்டுநரின் முதுகும் பாதங்களும் கண்ணுக்கு முன்பே அறிந்துவிடுகின்றன. கணினியில் கார் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்கிலோ உடம்புக்கு வரும் செய்தி ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைகளோடு நின்றுவிடுகிறது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக, சிம்ஹப் என்ற மென்பொருளை மையமாக வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள், ஓர் எல்இடி பட்டை, பழைய கைப்பேசி ஒன்று, பேஸ் ஷேக்கர் என்ற அதிர்வுக் கருவிகள் நான்கு ஆகியவற்றைக் கொண்டு ஓர் அமைப்பை நானே கட்டி, ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மதிப்புரை முதன்மையாக அந்த மென்பொருளைப் பற்றியது. ஆனால் அதனோடு இணையும் கருவிகளை ஒதுக்கிவிட்டு அதைத் தனியே எடைபோட முடியாது என்பதால், கருவிகளில் எழும் கோளாறுகளுக்கும் நிறையவே இடம் கொடுத்திருக்கிறேன்.

சிம்ஹப் விண்டோஸில் இயங்கும் மென்பொருள். வேகம், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை), கியர், ஒவ்வொரு சக்கரத்தின் வழுக்கல், சஸ்பென்ஷனின் அசைவு என விளையாட்டு வெளியிடும் டெலிமெட்ரித் தரவைப் படித்து, திரைக்கும் விளக்குக்கும் மோட்டாருக்கும் ஷேக்கருக்கும் ஏற்ற வடிவில் அது பிரித்துக் கொடுக்கிறது. இலவசமாகவே பயன்படுத்தலாம், ஆனால் இலவசப் பதிப்பில் தரவு நொடிக்கு 10 முறை புதுப்பிக்கப்படுகிறது, உரிமம் பெற்றால் 60 முறை. எரிபொருள் அளவைப் பார்ப்பதற்கு 10 முறை தாராளமாகப் போதும். அதிர்வுக்கும், கியர் மாற்றும் நேரத்தைக் காட்டும் ஷிஃப்ட் விளக்குக்கும் போதாது, ஏனெனில் இரண்டு தகவல்களுக்கு இடையே 100 மில்லிநொடி கழிகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 5 மீட்டர் கடந்துவிடும். எனவே முதலில் இலவசப் பதிப்பில் எல்லா இணைப்புகளையும் சரிபார்த்துவிட்டு, அமைப்பு நிலையாக ஓடத் தொடங்கியதும் உரிமம் வாங்குவதே முறை என்பது என் கருத்து.

எனக்கு இந்த மென்பொருள் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் அழகான டேஷ்போர்டுகள் அல்ல. இத்தகைய அமைப்பு ஒரு நீண்ட சங்கிலி: விளையாட்டு, மென்பொருள், யுஎஸ்பி கேபிள், பலகை, வயர், விளக்கு என ஒரு பக்கமும், சவுண்ட் கார்டு, ஆம்ப்ளிஃபயர், ஷேக்கர், இருக்கை என மறுபக்கமும் அது நீள்கிறது. எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: எதுவும் வேலை செய்யவில்லை. சிம்ஹப் ஒவ்வொரு கண்ணியையும் தனியே பிடித்துச் சோதிக்க இடம் தருகிறது. விளையாட்டிலிருந்து வரும் மதிப்புகள் அனைத்தையும் ஒரு பட்டியலில் நேரடியாகப் பார்க்கலாம். காரையே ஓட்டாமல் ஒவ்வோர் அதிர்வு விளைவையும் ஒரு பொத்தானை அழுத்திச் சோதிக்கலாம். கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இரண்டே நிமிடத்தில் பிரித்தறிய முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பது, ஒரு முழு இரவையும் தவறான வயரைத் தேடிக் கழித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தரவே வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் விளையாட்டின் அமைப்பில் இருக்கும். அசெட்டோ கோர்சா என்ற பந்தய விளையாட்டு தன் தரவை விண்டோஸின் பகிர்நினைவகத்தில் (மற்ற நிரல்களும் படிக்கக்கூடிய நினைவகப் பகுதி) எழுதிவைப்பதால் அதில் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆர்ஃபேக்டர் 2 விளையாட்டுக்கு ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும்) கோப்பை உரிய கோப்புறையில் வைத்து, அதை இயங்கும் நிலைக்கும் மாற்ற வேண்டும். வைத்தவர்கள் பலர் இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். எஃப்1 விளையாட்டுகள் தரவை யுடிபி என்ற வலைத் தொடர்பு முறை வழியாக, வழக்கமாக 20777 என்ற போர்ட்டில் (நிரல் தரவைப் பெறும் எண்ணிட்ட வாசல்) அனுப்புகின்றன. அதை விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் இயக்கி, அனுப்பும் வேகத்தை 60 ஹெர்ட்ஸ் என மாற்ற வேண்டும். இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. அதே போர்ட்டை வேறொரு டெலிமெட்ரி நிரலும் கேட்டுக்கொண்டிருந்தால், இரண்டில் ஒன்றுக்குத் தரவு கிடைக்காமல் போகும். அப்போது சிம்ஹப் முதலில் தரவைப் பெற்று, வேறொரு போர்ட் வழியாக மற்ற நிரலுக்கு அனுப்பிவைக்கும்படி அமைத்தால் போதும்.

இனிப் பலகை. ஆர்டுயினோவுக்குத் தேவையான நிரலைச் சிம்ஹப்பே எழுதி ஏற்றிவிடுகிறது. எத்தனை எல்இடிகள், எந்தப் பின்னில் (பலகையின் இணைப்பு முனை) எந்த மாட்யூல் என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. ஒரு வரிகூட நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இது கதவைத் திறந்துவிடுகிறது. நான் பயன்படுத்தியது நானோ வகைப் பலகை. அதில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருந்ததால் அதற்குரிய டிரைவரை நிறுவும்வரை விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. டிரைவர் வந்த பிறகும் நிரல் ஏறவில்லை. பலகையில் பழைய பூட்லோடர் (நிரலை ஏற்றிக்கொள்ள உதவும் தொடக்க நிரல்) இருந்ததே காரணம். பழையது 57600 பாட் வேகத்திலும் புதியது 115200 வேகத்திலும் பேசுவதால், பலகையின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பழைய பூட்லோடர் என்பதைக் குறிப்பிட்டதும் ஏறிவிட்டது. இவை இரண்டும் இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்ட கேபிள்களில் தரவு வயர்களே இருப்பதில்லை. பலகை கணினியோடு பேசும் சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் திறக்க முடியும் என்பதால், ஆர்டுயினோ எடிட்டரின் சீரியல் மானிட்டரை மூடிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

எல்இடி பட்டையில் நான் செய்த தவறு மின்சாரக் கணக்கைப் போடாதது. டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் ஏறத்தாழ 60 மில்லிஆம்பியர் இழுக்கும். 16 எல்இடிகள் என்றால் 960 மில்லிஆம்பியர். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியதோ 500 மட்டுமே. பச்சையும் சிவப்பும் எரிந்தவரை எல்லாம் ஒழுங்காக ஓடின. பிட் லேன் (பந்தயத்தின் நடுவே கார்கள் பராமரிப்புக்கு நுழையும் பாதை) எச்சரிக்கைக்காகப் பட்டை முழுவதையும் வெள்ளையில் மின்னவிட்டபோது பலகை ஒவ்வொரு முறையும் தொடர்பறுந்து மீண்டும் துவங்கியது. மென்பொருளில் பழுது என்று எண்ணி இரண்டு நாள்கள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தனி 5 வோல்ட் பவர் சப்ளை கொடுத்து, அதன் கிரவுண்ட் எனப்படும் பொது எதிர்முனையையும் பலகையின் கிரவுண்டையும் ஒன்றாக இணைத்து, டேட்டா வயரில் ஒரு 330 ஓம் ரெசிஸ்டரையும் மின்வழியில் 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரையும் சேர்த்த நாளிலிருந்து அந்தத் தொல்லை திரும்பவில்லை. கிரவுண்டை இணைக்க மறந்தால் விளக்குகள் தாறுமாறான நிறங்களில் துடிக்கும். அந்த அறிகுறியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

திரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரே வைஃபை வலையில் உள்ள பழைய கைப்பேசியின் பிரவுசரில் கணினியின் ஐபி முகவரியையும் 8888 என்ற போர்ட் எண்ணையும் தட்டினால் டேஷ்போர்டு வந்துவிடும். வராவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால்தான் வழிமறிக்கிறது என்று கொள்ளலாம். டேஷ் ஸ்டுடியோ என்ற பகுதியில் நம் விருப்பப்படி வடிவமைக்கலாம். தொடக்கத்தில் டயர் வெப்பம், பிரேக் வெப்பம், லேப் வரலாறு எல்லாவற்றையும் திரையில் நிரப்பினேன். இப்போது அங்கே இருப்பவை பெரிய கியர் எண், நேர வித்தியாசம், எஞ்சிய எரிபொருளில் எத்தனை சுற்று ஓடலாம் என்ற கணக்கு ஆகிய மூன்று மட்டுமே. ஓடும்போது படிக்க முடியாத தகவலுக்குத் திரையில் இடம் தேவையில்லை.

அதிர்வுக் கருவிகளில் இரண்டு வழிகள் உள்ளன. ஒருபக்கக் கனம் பொருத்திய சிறு மோட்டார்கள் ஒரு வழி. பேஸ் ஷேக்கர்கள் மற்றொன்று. மோட்டாரின் இயல்பான குறை என்னவென்றால், அதன் வேகத்தைக் கூட்டினால்தான் அதிர்வின் வலு கூடும். அதாவது வலுவையும் அதிர்வெண்ணையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடியாது. குறைந்த மின்னழுத்தத்தில் அது சுழலத் தொடங்குவதே இல்லை என்பதால், எந்த அளவிலிருந்து சுழல்கிறது என்பதைக் கண்டறிந்து அதையே கீழ் வரம்பாக அமைக்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் டிரைவர் மாட்யூல் தனக்குள்ளேயே ஏறத்தாழ 2 வோல்ட்டை இழந்துவிடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் பலகை தொடர்பறுந்தால், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்துப் பாருங்கள். பெடலுக்கு அடியில் ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் பிரேக் முறை) உணர்வைத் தர மோட்டார் போதும். சாலையின் தன்மையைச் சொல்ல அதனால் முடியாது.

பேஸ் ஷேக்கர் என்பது காற்றைத் தள்ளும் கூம்பு இல்லாத ஒலிபெருக்கி. ஒலிச் சைகையைப் பெற்று, தான் பொருத்தப்பட்ட பொருளையே அசைக்கிறது; வலுவும் அதிர்வெண்ணும் வேறு வேறாக நம் கட்டுப்பாட்டில் இருக்கும். சிம்ஹப்பின் ஷேக்இட் பகுதி இதற்கெனவே எழுதப்பட்டது, மென்பொருளின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே. சக்கர வழுக்கல், சக்கரப் பூட்டு (பிரேக்கில் சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவது), கியர் மாற்றம், சாலை மேடுபள்ளம், எஞ்சின் துடிப்பு என ஒவ்வொன்றையும் எந்த ஷேக்கருக்கு, எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு வலுவில் அனுப்புவது என்று முடிவு செய்யலாம். நான்கு ஷேக்கர்களை இருக்கையின் நான்கு மூலைகளில் வைத்து, 7.1 யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றின் நான்கு சேனல்களையும் இரண்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களையும் அவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

ஒலிப்பக்கத்தில் வரும் கோளாறுகள் ஒரு தனி உலகம். யுஎஸ்பி சவுண்ட் கார்டைச் செருகியதும் விண்டோஸ் அதையே முதன்மை ஒலிக்கருவியாக மாற்றிக்கொள்வதுண்டு. அப்போது விளையாட்டின் எஞ்சின் ஓசையும் வர்ணனையும் இருக்கைக்குள் புகுந்து, அதிர்வு நன்றாக இருப்பது போன்ற பொய்யான தோற்றத்தைத் தரும். முதன்மைக் கருவியை மீண்டும் ஹெட்போனுக்கு மாற்றிய பிறகே உண்மையான டெலிமெட்ரி அதிர்வு எது என்பது தெரியவரும். சவுண்ட் கார்டுக்கு விண்டோஸ் சேர்க்கும் ஒலி மேம்பாடுகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் அவை குறைந்த அதிர்வெண்களைத் தம் விருப்பப்படி வெட்டவோ கூட்டவோ செய்யும். கார் நிற்கும்போதும் இருக்கையில் தொடர்ச்சியான முனகல் கேட்டால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைவதால் வரும் இரைச்சல். ஆம்ப்ளிஃபயருக்கும் சவுண்ட் கார்டுக்கும் இடையே ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரைச் சேர்த்ததும் என் அமைப்பில் அது நின்றது. இரண்டு 8 ஓம் ஷேக்கர்களை இணையாக இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் காண்பது 4 ஓம் என்பதையும், அதற்குக் கீழே இறங்கலாமா என்று ஆம்ப்ளிஃபயரின் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

எல்லாம் இயங்கத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை இன்னும் கடினமானது. முதல் வாரத்தில் இருந்த விளைவுகள் அனைத்தையும் இயக்கிவிட்டேன். இருக்கை ஓயாமல் உறுமியது, ஆனால் எனக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. எல்லா விளைவுகளும் ஒரே அதிர்வெண்ணில் குவிந்து, கூட்டுத்தொகை சைகையின் உச்சத்தைத் தாண்டியதால் ஒவ்வொன்றும் மற்றொன்றை விழுங்கிவிட்டது. பிறகு 20 ஹெர்ட்ஸ் முதல் 80 ஹெர்ட்ஸ் வரை சைகையை மெதுவாக ஏற்றி, என் இருக்கை எந்த இடத்தில் மிகையாக அதிர்கிறது என்று பார்த்தேன். 40 ஹெர்ட்ஸை ஒட்டி அது நிலைகொள்ளாமல் துடித்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, சாலை மேடுபள்ளங்களுக்குக் கீழ்ப்பகுதியையும், பின்சக்கர வழுக்கலுக்கு 50 ஹெர்ட்ஸையும், முன்சக்கரப் பூட்டுக்கு 65 ஹெர்ட்ஸையும் ஒதுக்கினேன். எஞ்சின் துடிப்பை முற்றிலும் அணைத்துவிட்டேன். காதுக்கு ஏற்கெனவே தெரிந்ததை முதுகுக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்கள் வேறோர் இருக்கைக்குப் பொருந்தா, ஆனால் செய்முறை பொருந்தும். ஒன்றை மட்டும் இயக்கி, வேண்டுமென்றே அந்தத் தவறைச் செய்து, உடம்பு அதை அடையாளம் கண்ட பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

இருக்கை நேரடியாக இரும்புச் சட்டத்தில் திருகப்பட்டிருந்தால் நான்கு மூலைகளின் அதிர்வும் சட்டம் முழுவதும் பரவி ஒன்றாகக் கலந்துவிடும். இருக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் மவுண்ட்களைக் கொடுத்த பிறகே இடது பின்சக்கரமும் வலது பின்சக்கரமும் எனக்கு வேறுபட்டுத் தெரிந்தன. அதே ரப்பர், தரை வழியாகக் கீழ்வீட்டுக்குச் செல்லும் அதிர்வையும் குறைக்கிறது. இரவில் ஓட்டுபவர்கள் சட்டத்தின் கால்களுக்கு அடியிலும் தடிமனான ரப்பர் பட்டைகளை வைப்பது அவசியம்.

சிம்ஹப்பின் அமைப்புப் பக்கங்கள் எண்ணிக்கையில் மிகுதி. புதியவர் ஒருவர் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொள்வது கடினம். விளையாட்டு வெளியிடாத தரவை அதனாலும் முழுமையாகத் தர முடியாது என்பதால், ஒரே விளைவு ஒரு விளையாட்டில் கூர்மையாகவும் மற்றொன்றில் மங்கலாகவும் இருக்கும். விளையாட்டுக்கு ஒரு புரொஃபைல் என்று தனித்தனியே சேமித்துக்கொள்வது நல்லது. பொறுமையாக அமரத் தயாரானவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் ஓட வேண்டும் என்று விரும்புபவர்கள் ஆயத்தக் கருவிகளை வாங்குவதே பொருத்தம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான்கு ஷேக்கர்கள் தேவையில்லை. பெடலுக்கு அடியில் ஒன்று, இருக்கையின் பின்புறம் ஒன்று போதும். முன்னது சக்கரப் பூட்டையும் பின்னது வழுக்கலையும் மட்டும் சொல்லட்டும். ஷேக்கரைப் பிடித்திருக்கும் திருகுகள் அதன் அதிர்வாலேயே தளர்ந்துவிடும் என்பதால், நைலான் உள்வளையம் கொண்ட லாக் நட்களை முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.