பழைய பிட்காயின் வாலட்டைக் கடையில் கொடுக்குமுன் படியுங்கள்

பிட்காயினைக் கையாளும் பிட்காயின் கோர் மென்பொருளைப் புதுப்பித்தபின் பழைய வாலட் (பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பு) திறக்கவில்லை என்றால், கோப்பு கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மைத்துனர், 2014இல் உருவாக்கிய தம் வாலட்டைப் புதுச்சேரி காமராஜர் சாலையை ஒட்டிய ஒரு கணினிக் கடையில் கொடுத்தார். "டேட்டாபேஸ் மொத்தமா அடிவாங்கிடுச்சு சார், ஒரு வாரம் ஆகும்" என்று சொல்லி, கோப்பையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, 18,000 ரூபாயும் கறந்துவிட்டார்கள். ரசீது கேட்டதற்கு, இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ரசீது போடுவதில்லையாம்.

உண்மையில் அந்தக் கோப்பில் எந்தப் பழுதும் இல்லை. பிட்காயின் கோர் தொடக்கத்திலிருந்தே வாலட்டை பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தில் சேமித்து வந்தது. அந்தப் பழைய அமைப்பில் சாவிகள் மொத்தமாகக் கொட்டிக் கிடக்குமே தவிர, எந்தச் சாவி பிட்காயின் பெறும் எவ்வகை முகவரிக்கு உரியது என்பது தெளிவாகப் பதிவாகாது. இந்தக் குறையைக் களையவே 2021 ஜனவரியில் வந்த 0.21 பதிப்பில் எஸ்க்யூலைட் என்ற வேறொரு தரவுத்தளத்தில் இயங்கும், அந்த விவரத்தையும் சேர்த்தே பதிவுசெய்யும் டிஸ்கிரிப்டர் வாலட் அறிமுகமானது. 2025 அக்டோபரில் வந்த 30ஆம் பதிப்பு, பழைய வகையைத் திறப்பதையே நிறுத்திவிட்டது. புதிய வடிவுக்கு மாற்றும் 'மைக்ரேட் வாலட்' வசதி மென்பொருளுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. ஆனால் 30.0, 30.1 பதிப்புகளில், மாற்றும்போது அரிதாக வாலட் கோப்புகளே அழிந்துபோகும் பிழை இருந்ததால், 30.2 அல்லது அதற்குப் பிந்தையதையே பயன்படுத்துங்கள். மாற்றுவதற்குமுன் தனி நகல் ஒன்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

கடைக்காரர்கள் செய்ததும் இந்த வடிவ மாற்றத்தை மட்டுமே. பென்டிரைவில் திரும்பி வந்த கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே பைட் பைட்டாகக் காட்டும் கருவி) திறந்தால், தொடக்கத்திலேயே 'எஸ்க்யூலைட் ஃபார்மட் 3' என்று நிற்கிறது. மாற்றும்போது மென்பொருள் தானாக எடுத்து வைக்கும் காப்பு நகலும் பக்கத்திலேயே கிடந்தது. அதை அழிக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அதன் பெயரில் இருக்கும் பத்து இலக்க எண், 1970 முதல் எண்ணப்படும் நொடிக் கணக்கு. தேதியாக்கிப் பார்த்தபோது, கோப்பைக் கொடுத்த அன்று மாலையே வேலை முடிந்திருந்தது தெரிந்தது. மீதி நாளெல்லாம் காக்க வைத்தது கட்டணத்தை நியாயப்படுத்த மட்டுமே என்பது என் எண்ணம்.

பணம் போனதைவிடப் பெரிய ஆபத்து, கோப்பும் கடவுச்சொல்லும் அவர்கள் கையில் சேர்ந்தே இருந்ததுதான். இனிமேல் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. அவர்களிடம் உள்ள நகல் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். ஆகவே முற்றிலும் புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, பரிமாற்றக் கட்டணம் செலுத்தி, பிட்காயின் முழுவதையும் அதன் முகவரிக்கு மாற்றிவிட்டோம். நகலை அழித்துவிட்டதாகக் கடையில் சொல்கிறார்கள். அதே கடையில் வாலட்டைக் கொடுத்த வேறு யாரேனும் இருந்தால், அவர்களும் இன்றே பிட்காயினைப் புதிய வாலட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.