முனை வளைந்த லாடம்: இடறும் குதிரைக்கு எவ்வளவு உதவும்?

சவாரியின்போது முன்காலால் அடிக்கடி இடறும் என் குதிரைக்கு, முன்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைந்த இரும்பு லாடத்தை இரண்டு முறை அடித்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குகின்றன. அவற்றின் குளம்பு முனை நீண்டுவிட்டால், குதிப்பகுதி எழுந்த பிறகும் முனை தரையை விட்டு அகலத் தாமதமாகிறது; அந்தத் தாமதத்தில்தான் கால் தட்டுகிறது. முனை வளைவு குளம்பு விரைந்து உருண்டெழ வழிசெய்கிறது.

முதல் முறை லாடம் அடித்த சில நாள்களிலேயே மேடுபள்ளமான பாதையில் இடறல் வெகுவாகக் குறைந்தது. இதற்கு லாடத்தை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. அடிப்பதற்கு முன் நீண்டிருந்த முனையை இழைத்துக் குளம்பைச் சமன் செய்தவரின் கைக்கே பாதிப் பெருமை சேரும். நன்றாக நடக்கிறதே என்ற மெத்தனத்தில் நான் பத்து வாரங்கள் வரை அப்படியே விட்டேன். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்வதால், முனையோடு லாடமும் முன்னே நகர்ந்து, பழைய இடறல் திரும்பி வந்தது. அது லாடத்தின் குறையன்று, என்னுடையது.

விற்பவர்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சமதரையில் குதிரை குதிப்பகுதியை ஊன்றத் தயங்கி முனையை முதலில் ஊன்றினால், குளம்பின் பின்பகுதியில் வலி இருக்கக்கூடும். பின்கால்களும் இழுபட்டு, குறுகிய வட்டத்தில் நடத்தும்போது உடல் தள்ளாடினால், நரம்புக் கோளாற்றையும் சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டிலும் லாடத்தைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை. தள்ளாடும் குதிரையின் மேல் ஏறவே கூடாது.

கவனமின்றி, எடையை முன்னே சாய்த்துச் சோம்பி நடக்கும் குதிரையையும் இந்த லாடம் திருத்தாது. தரையில் கம்பங்களைக் கிடத்தி அவற்றைத் தாண்டி நடக்கவைத்ததும், சேணத்தில் நான் முன்னால் கவிழ்ந்து உட்காரும் பழக்கத்தை விட்டதும் அதற்குப் பயன்பட்டன. (குதிரையைத் திருத்துவதைவிட இரண்டாவது கடினமாக இருந்தது.)

குளம்புக் காரணத்தால் இடறும் குதிரைக்கு இந்த லாடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றாம் முறையும் இதையே அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இம்முறை ஆறு வாரத்தைத் தாண்டவிடப் போவதில்லை.