முதல் தலைமுறை மியாட்டாவின் கூரை: வைனிலா, துணியா?

1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 (அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர்) என்ற, கூரையை மடித்துத் திறக்கும் இரண்டு இருக்கைக் காரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கூரையின் தையல் விட்டிருக்கும், பின்ஜன்னல் பழுப்பேறியிருக்கும். புதிதாகப் போடுவது வைனிலா (தோல்போலத் தோன்றும் பிளாஸ்டிக் விரிப்பு), துணியா என்று ஆளுக்கொரு பக்கம் நின்று வாதிடுவார்கள். என்னைக் கேட்டால், முதலில் முடிவு செய்ய வேண்டியது ஜன்னலைத்தான்.

அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது வைனில் கூரையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பின்ஜன்னலுமாக. கூரையை மடிக்குமுன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே மடித்தால் பிளாஸ்டிக்கில் மடிப்புத் தழும்பு விழும். குளிர்நாளில் என்றால் விரிசலே விடும். வெயில் அதை மெல்ல மங்கலாக்கும். லேசான மங்கலைப் பாலிஷ் போட்டு மீட்கலாம், முற்றினால் மீளாது. ஆனால் இந்த ஜன்னலுக்கு ஒரு வசதி உண்டு. கூரை மேலே இருக்க, பின்ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டுக் காற்றோட்டமாக ஓட்டலாம். வெயில் உச்சியில் இருக்கும்போது அந்த நிழலும் காற்றும் சேர்ந்த சுகத்தைக் கண்ணாடி ஜன்னல் தராது.

1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் மாஸ்டாவே பனிநீக்கும் கம்பிகளுடன் கண்ணாடிக்கு மாறியது. அந்தக் கூரை முதல் தலைமுறைக் காரின் மடிக்கும் சட்டகத்திலும் பொருந்தும். மடிக்குமுன் ஜிப்போடு மல்லுக்கட்டும் வேலை இல்லை, இரவில் பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரியும். பனிநீக்கம் வேலை செய்ய வயரிங் பார்க்க வேண்டும். தினமும் ஓட்டுபவருக்கு இதுவே சரி.

இனி மேல்பொருள். வைனிலை ஈரத்துணியால் துடைத்தால் போதும், விலையும் குறைவு. துணி என்று விற்கப்படுவது பெரும்பாலும் வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவே ரப்பர், உள்ளே மெல்லிய துணி என மூன்று அடுக்கு. சத்தத்தைச் சற்றுக் குறைக்கும், பார்வைக்கும் கம்பீரம். ஈரமான ஊர்களில் பாசி பிடிக்கும். பிரஷ் போட்டுக் கழுவி, நீர் ஒட்டாமலிருக்க அவ்வப்போது மருந்து அடிக்க வேண்டும். மரத்தடியில் கார் நிறுத்துபவருக்கு நான் வைனிலைத்தான் சொல்வேன்.

மாட்டும் வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் கூரையின் அடியோரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் உலோகப் பட்டைகளின் நட்டுகளைக் கழற்றி, இருபுறமும் உள்ள போல்ட்டுகளை எடுத்தால் சட்டகம் முழுதாக வெளியே வரும். தூக்க இரண்டு பேர் வேண்டும். மேசைமேல் வைத்து ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துப் பழைய கூரையை உரிக்கலாம். பக்கவாட்டு உறைகளில் ஓடும் இழுவிசைக் கம்பிகளைப் பழைய கூரையோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். புதுக் கூரை முதலில் விறைப்பாக இருக்கும், தாழ்ப்பாள் எட்டாததுபோலத் தோன்றும். வைனில் என்றால் வெயிலில் சிறிது நேரம் விரித்துவைத்தால் இளகும். பொறுமையாக அளந்து செய்பவர் வீட்டிலேயே முடிக்கலாம். மற்றவர்கள் மாட்டுகூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

முழுக்க அசலாகவே வேண்டும் என்பவர்களுக்காக, முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை மாஸ்டா 2017-இல் ஜப்பானில் அறிவித்தது. மீண்டும் தயாரித்த பாகங்களில் மென்கூரையும் ஒன்று.

எதைத் தேர்ந்தாலும், கூரையின் பின்னடியில் மழைநீரை வாங்கி இருபுறமும் திருப்பிவிடும் பிளாஸ்டிக் பட்டையையும் புதிதாக வாங்குங்கள். வயதானால் அது மொறுமொறுப்பாகிக் கழற்றும்போதே உடையும். அந்த நீர் இறங்கும் வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து கம்பளத்தை நனைக்கும், கதவடிச் சட்டமும் துருவேறும். கூரை கழன்று கிடக்கும்போதே ஒரு குவளை நீரை அந்தத் துளைகளில் ஊற்றி, அது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டத் தொடங்குங்கள்.