இரத்தம் யாருடையது என்று கேட்கவைத்த ஆறு வாரப் பயிற்சி

டொராண்டோவில் நீரிழிவு ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. வடக்கு ஒன்டாரியோவில், கனடாவின் பூர்வகுடிகளுள் ஒரு பிரிவினரான முதற்குடியினரின் ஊர் ஒன்றில் எங்கள் குழு ஆய்வு தொடங்கவிருந்ததால், அதற்கு முன், அவர்களிடையே ஆய்வு நடத்தும் நெறிமுறைகளைக் கற்றுத்தரும் இந்த இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தேன். சேர்ந்தது நல்லதாயிற்று.

முதல் வாரமே தூக்கத்தைக் கெடுத்தது. 1940களின் இறுதியில் உறைவிடப் பள்ளிகளில் பட்டினி கிடந்த முதற்குடிப் பிள்ளைகளை வைத்து அரசே ஊட்டச்சத்துச் சோதனை நடத்தியிருக்கிறது. ஒரு பள்ளியில், பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே, இரண்டு ஆண்டுகள் தேவையான பாலில் பாதிகூடக் கொடுக்கவில்லை. 'அடிப்படை அளவு' என்று அதற்குப் பெயர். என் அறிக்கைகளில் நான் நாள்தோறும் எழுதும் சொல்.

மூன்றாம் வாரத்துக்காகவே இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம். வான்கூவர் தீவின் நூ-சா-நுல்த் மக்கள் 883 பேர் 1980களில் மூட்டுவாத ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அது அவர்களைக் கேட்காமலே நாடு கடந்து வேறு ஆய்வுகளுக்குப் போனது. 2004இல்தான் திரும்பி வந்தது. இதைச் சொல்லி முடித்ததும், பாடம் நடத்திய, அனிஷினாபே என்ற முதற்குடி இனத்து மூதாட்டி எங்கள் ஒப்புதல் படிவங்களைக் கேட்டார். என்னுடையதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்' என்ற வரி வந்ததும் நிமிர்ந்து, "எந்த ஆய்வு? அப்போது எங்கள் பேரப்பிள்ளைகளிடம் யார் கேட்பீர்கள்?" என்றார். பத்து ஆண்டுகளாக அந்த வரியைப் படிவத்துக்குப் படிவம் அப்படியே எடுத்து ஒட்டிவந்தவன் நான். என்னிடம் பதில் இல்லை.

உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்று தங்களைப் பற்றிய தரவுகள் மீது முதற்குடியினர் 1998 முதல் வலியுறுத்திவரும் நான்கு உரிமைகளை முன்பே படித்திருந்தேன். அவை எனக்கு விளங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

குறை உண்டு. அந்த அம்மையாருக்குக் கிடைத்தவை இரண்டே வகுப்புகள். அவருக்கு இன்னும் இரண்டு வகுப்புகளாவது ஒதுக்கியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழு விண்ணப்பம் பற்றிய ஐந்தாம் வாரத்தை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். இறுதித் தேர்வோ, பாடத்தைத் திறக்காதவரும் ஊகித்தே தேறிவிடக்கூடியது. இவ்வளவு கனமான பாடத்துக்கு அது போதாது.

அந்த வரியை அடித்துவிட்டேன். இரத்தம் எங்களுக்கு இரவல் மட்டுமே, புதிய ஆய்வு எதுவானாலும் ஊரிடம் மறுபடி கேட்போம், வேண்டாம் என்றால் திருப்பித் தருவோம் என்று எழுதியிருக்கிறேன். படிவம் இப்போது அந்த ஊரின் நலவாழ்வுக் குழுவிடம் இருக்கிறது. பதில் வரும்வரை தொடக்க நாளைத் தள்ளிவைத்திருக்கிறோம்.