சரளை மண் மைதானத்துக்கு எந்த கிளவுஸ்? பேஸ்பால், சாஃப்ட்பால் ஆடுபவர்களுக்கு ஓர் அலசல்

மதுரையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய் பேஸ்பால் கிளவுஸ் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இருக்கு தம்பி, ஒரே சைஸ்தான், எல்லாருக்கும் செட் ஆகும்." இல்லையென்றால், "ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும், அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க." இரண்டாவது பதில் சொல்கிறவரை நம்பலாம். ஏனென்றால் இந்த விளையாட்டில் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே கிளவுஸ் என்று எதுவும் கிடையாது, நிற்கிற இடம் மாறினால் கிளவுஸும் மாறும். நம் ஆட்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் பிராண்டை, கடைசியில்தான் யாராவது "நீ எங்கப்பா நிக்கப் போற?" என்று கேட்கிறார்கள். வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பந்து, அடுத்து பொசிஷன், அதற்கப்புறம்தான் பணம்.

பந்திலிருந்து தொடங்குவோம். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிட எடை கொஞ்சம் குறைவு, சுற்றளவு ஒரு நூல் அதிகம். அதனால்தான் கிரிக்கெட் ஆடி விரல் காய்த்தவர்கள் "இதுக்குப் போயி கிளவுஸா" என்று சிரிப்பார்கள். ஆனால் கிரிக்கெட்டில் கல்லி, ஸ்லிப்பில் நிற்கிறவருக்கு ஒரு நாளில் நாலைந்து கேட்ச் வந்தால் பெரிது. இங்கே தரையோடு அடித்த பந்தில் அவுட் எடுக்கப் பெரும்பாலும் யாரோ ஒருவர் முழு வேகத்தில் எறிய, இன்னொருவர் பேஸில் (ஓடுகிறவர் போய்ச் சேர வேண்டிய கட்டம்) கால் வைத்தபடி அதை வாங்கியாக வேண்டும், ஆட்டம் முழுக்க. சாஃப்ட்பால் கதையே வேறு. பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 இன்ச், எடை 178 முதல் 198 கிராம், பேரில் மட்டும்தான் சாஃப்ட். நம் பக்கத்துப் பள்ளி, கல்லூரிகளில், அதிலும் பெண்கள் அணிகளில், அதிகம் ஆடுவது இதைத்தான். 11.5 இன்ச் பேஸ்பால் கிளவுஸை வைத்துக்கொண்டு சாஃப்ட்பால் ஆடினால் பந்து பாக்கெட்டுக்குள், அதாவது உள்ளங்கைக் குழிக்குள், முழுதாக இறங்காது, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பின்னலின் நுனியில் உட்கார்ந்து, கையைத் திருப்பும்போது எகிறிப் போகும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்தப் பந்துக்குச் செய்தது?

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சாதாரண கிளவுஸை ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து பாக்கெட் வழியாக அடி மணிக்கட்டு வரை அளப்பார்கள். 11.5, 12, 12.75 என்று போட்டிருப்பது அந்த நீளம். கேட்சர், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து வாங்குகிறவர், மாட்டும் விரல் பிரிக்காத மிட்டை மட்டும் சுற்றளவில் அளப்பார்கள், அதனால்தான் அதில் 33, 34 என்று இருக்கும். அச்சுப் பிழை இல்லை, பயப்பட வேண்டாம். இன்னொன்று, ஆர்.ஹெச்.டி. என்று மூன்றெழுத்து போட்டிருந்தால் வலது கையால் எறிகிறவருக்கானது என்று பொருள். அதாவது இடது கையில் மாட்டுவது. வலது கைக்காரர் வலது கைக்குத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்து மாற்றி ஆர்டர் போட்டு, ரிட்டர்ன் எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல, அது அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

சரி, பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டா, அதைத் தாண்டித் தூரத்தில் இருக்கும் அவுட்ஃபீல்டா? இதில்தான் உண்மையான போட்டியே. செகண்ட் பேஸிலோ, செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் ஷார்ட்ஸ்டாப்பாகவோ நிற்கிறவருக்குப் பந்தைப் பிடிப்பது பாதி வேலைதான், பிடித்த பந்தைக் கண் சிமிட்டும் நேரத்தில் மறு கைக்கு எடுத்து எறிய வேண்டும். அதற்கு 11.25 முதல் 11.75 வரையிலான சின்ன கிளவுஸ், ஆழமில்லாத பாக்கெட். கையை விட்டதும் பந்து விரலில் மாட்ட வேண்டும், உள்ளே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அவுட்ஃபீல்டில் நிற்கிறவர் கதை நேரெதிர். அவர் ஓடி, எட்டி, சில சமயம் விழுந்து பிடிக்கிறவர், எடுத்து எறிய அவருக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் இருக்கிறது. அவருக்கு 12.5, 12.75, ஆழமான பாக்கெட். பேஸ்பால் விதிப்படி ஃபீல்டர் கிளவுஸ் 13 இன்ச்சைத் தாண்டக் கூடாது, அதனால் பெரிதாக இருந்தால் நல்லது என்று 14 இன்ச் வாங்கினால் அது பந்தை மெதுவாக எறிந்து ஆடும் ஸ்லோபிட்ச் சாஃப்ட்பாலுக்குத்தான் ஆகும். தேர்ட் பேஸ் இரண்டுக்கும் நடுவில். பேட்டில் பட்ட பந்து அங்கே சூடாக வரும், யோசிக்க நேரமே இருக்காது, ஆகவே 11.75 அல்லது 12, கொஞ்சம் உறுதியான தோல். இதெல்லாம் பேஸ்பால் கணக்கு. சாஃப்ட்பால் என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் கால் முதல் அரை இன்ச் வரை கூட்டிக்கொள்ளுங்கள், இன்ஃபீல்டுக்கே 12 வந்துவிடும், அவுட்ஃபீல்டுக்கு 12.75, 13.

புத்தகக் கணக்கு அது. நம் மைதானம் புத்தகத்தில் இல்லை. வெட்டி உருட்டிய புல்தரையில் பந்து எப்படிக் குதிக்கும் என்று கணித்து 11.25 போட்டுக்கொள்ளலாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த பள்ளி மைதானத்தில் தரையோடு வருகிற பந்து ஒரு கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று எழுதி வைக்க முடியாது. அங்கே அரை இன்ச் கூடுதலாக இருக்கும் கிளவுஸ் உங்கள் முகத்தைக் காப்பாற்றும். எடுத்து எறிவதில் போகும் ஒரு நொடியின் சின்னத் துண்டு பரவாயில்லை என்பதுதான் என் கட்சி. ஷார்ட்ஸ்டாப்பாகவே இருந்தாலும் இங்கே 11.75-க்குக் கீழே போகாதீர்கள்.

வெப் பற்றிச் சுருக்கமாக. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பின்னியிருக்கும் பகுதிதான் வெப். பில் டோக் என்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிகிறவர்) 1919-இல் ராலிங்ஸ் என்ற அமெரிக்க கிளவுஸ் கம்பெனிக்குச் சொன்ன யோசனை அது, அதற்கு முன்பு கிளவுஸ் என்பது கை காயம்படாமல் இருக்க மாட்டிய தடித்த உறைதான். ஐ-வெப், ஹெச்-வெப் இரண்டும் திறந்த ரகம், மண் ஒட்டாமல் கீழே கொட்டிவிடும், நம் ஊர் இன்ஃபீல்டுக்கு அருமை. அவுட்ஃபீல்டுக்கு ஹெச்-வெப், ட்ரபீஸ் என்ற இன்னொரு ரக வெப் இரண்டுமே நன்றாக இருக்கும், வானத்தில் வரும் பந்தை அதன் இடைவெளி வழியாகவே பார்த்து வெயிலை மறைக்கலாம். மூடிய வெப் பிட்சருக்கு, பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியக் கூடாது. பிட்சர் வெள்ளை, சாம்பல் நிற கிளவுஸ் போடக் கூடாது என்று பேஸ்பால் விதியே இருக்கிறது, அதனால் கலர் பார்த்து மயங்காதீர்கள்.

இனி மிட். கேட்சர் மிட், பர்ஸ்ட் பேஸ் மிட் இரண்டிலும் தனித்தனி விரல் கிடையாது. கேட்சருடையது வட்டமாக, தடித்த பேடிங்கோடு இருக்கும். பர்ஸ்ட் பேஸுடையது 12 முதல் 13 இன்ச், நீளமான வளைந்த விளிம்பு, தரையில் பட்டு எகிறி வரும் மோசமான த்ரோவை வாரி எடுக்க. பேஸ்பாலில் மற்ற ஃபீல்டர்கள் மிட் போட விதி இடம் தராது, கேட்சர் மிட்டை அவுட்ஃபீல்டருக்கு மாட்டிவிட முடியாது. ஆனால் பர்ஸ்ட் பேஸில் நிற்கிறவர் சாதாரண கிளவுஸோடும் ஆடலாம்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஓர் அணிக்காக வாங்கும் பி.டி. சார்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறான பக்கம் பணத்தைப் போடுகிறார்கள். இருக்கிற காசுக்கு ஒரே மாதிரி ஒன்பது மலிவு கிளவுஸ் எடுத்துவிடுவார்கள், கேட்சருக்கும் அதிலேயே ஒன்று. ஆட்டத்தில் வேறு எவரையும்விட அதிகம் பந்து வாங்குவது கேட்சர், அதுவும் பிட்சர் எறிகிற வேகத்தில், மணிக்கணக்காக. மெல்லிய கிளவுஸில் ஒரு சீசன் நின்ற பிள்ளையின் இடது ஆள்காட்டி விரல் அடியைத் தொட்டுப் பாருங்கள், வீங்கியிருக்கும். ஆகவே அணிக்கு முதல் செலவு தோலில் செய்த ஒரு நல்ல கேட்சர் மிட். அடுத்தது பர்ஸ்ட் பேஸ் மிட், மீதிப் பேருக்கு 12 இன்ச்சில் பொதுவான ரகம். சில பள்ளி ஆட்டங்களில் இரண்டு அணியும் கிளவுஸை மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும். அமெரிக்காவிலேயே 1953 வரை பேட்டிங் ஆடப் போகும்போது கிளவுஸை மைதானத்திலேயே போட்டுவிட்டுத்தான் போனார்கள், அடுத்த ஆண்டுதான் அதற்குத் தடை வந்தது.

பணத்துக்கு வருவோம். சிந்தெடிக், பன்றித்தோல், மாட்டுத்தோல், இறக்குமதி ஸ்டீயர்ஹைட் (காயடித்த காளையின் தோல்), இப்படி நான்கு படி. சிந்தெடிக் ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும், வாங்கிய அன்றே வளையும், எடை இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு 10, 11 இன்ச்சில் அது போதும், அடுத்த வருடம் கை வளர்ந்துவிடும். பெரியவர்களுக்கு வேண்டாம் என்பேன், கத்திரி வெயிலில் உள்ளே வியர்த்து ஈரம் நிற்கும், விரல் இடுக்குத் தையல் முதலில் விடும், விட்டால் தைத்தாலும் நிற்காது. பன்றித்தோல் மென்மையானது, சட்டென்று கைக்குப் பழகும், ஆனால் சரளையில் தேய்ந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் போட்டு மாட்டுத்தோல் எடுத்தால் இரண்டு மூன்று சீசன் தாராளமாக வரும். மீரட், ஜலந்தரில் செய்து வருகிறவற்றில் நல்ல மாட்டுத்தோல் கிளவுஸ்கள் இருக்கின்றன, ஆனால் உள்ளங்கை மட்டும் தோல், முதுகுப் பக்கம் ரெக்சின் என்ற கலப்பு ரகமும் அதே அலமாரியில் தொங்கும், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பின்பக்கத்தையும் உள் லைனிங்கையும் தடவிப் பார்த்து, லேஸ் தோலா நைலானா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள். தோல் லேஸ் அறுந்தால் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் இருப்பதால் அதற்கான தோல் வாருக்குப் பஞ்சமில்லை.

இறக்குமதி என்றால் ராலிங்ஸ் ஹார்ட் ஆஃப் த ஹைட், வில்சன் ஏ2000, மிசுனோவின் மேல் ரகங்கள். ஏ2000 1957-இலிருந்து வருகிறது, இன்றைக்கும் அதைச் சுற்றித்தான் பேச்சு. அங்கேயே 300 டாலர் பக்கம், இங்கே வந்து சேரும்போது கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். தோல் என்னவோ அபாரம், பத்து வருடம் உழைக்கும். ஆனால் புதிதில் மரப்பலகை மாதிரி இருக்கும், பழக்கவே மாதக்கணக்கில் ஆகும். பல்கலைக்கழக அணி, மாநில அணி என்று தினமும் ஆடுகிறவருக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆடுகிறவருக்கு அது வீண் செலவு. நடுவில் ஒரு வழி இருக்கிறது: அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனோ கூடப் படித்தவரோ ஊருக்கு வரும்போது அங்கே ஆடிப் பழக்கிய பழைய ஸ்டீயர்ஹைட் கிளவுஸ் ஒன்றை வாங்கி வரச் சொல்வது. அதே பணத்துக்கு இங்கே கிடைக்கும் புது கிளவுஸ் அதன் பக்கத்தில் நிற்காது. பாக்கெட் இன்னொருவர் கைக்கு ஏற்ப உருவாகியிருக்கும், அது ஒன்றுதான் குறை, ஒரு மாதத்தில் உங்கள் கைக்குத் திரும்பிவிடும்.

பெண்களுக்கு ஒரு சொல் தனியாக. பந்தை வேகமாக எறியும் சாஃப்ட்பாலுக்காக ஃபாஸ்ட்பிட்ச் என்று போட்டு வரும் கிளவுஸில் கை நுழையும் வாய் குறுகலாக, மணிக்கட்டில் இறுக்கும் பட்டையோடு இருக்கும். ஆண்கள் அளவில் செய்த 12.5-ஐ மாட்டிக்கொண்டு கை உள்ளே லொடலொடவென்று ஆடுவதைவிட இது எவ்வளவோ மேல், விலையும் ஒன்றும் கூடுதல் இல்லை. தங்கச்சிகள் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்ட மாட்டார்.

பழக்குவதில் நம் ஊர் வைத்தியங்கள் எல்லாம் வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவி மொட்டை மாடி வெயிலில் காய வைத்தால் தோல் முதலில் ஊறிக் கனத்து, பிறகு வறண்டு வெடிக்கும். தோலுக்கான கண்டிஷனரைத் துணியில் தொட்டுக் கொஞ்சமாகத் தேய்த்து, பாக்கெட்டில் பந்தை வைத்துக் கட்டி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் யாரையாவது எறியச் சொல்லிப் பிடித்துப் பழகுவதுதான் வேலை. ஐப்பசி மழையில் நனைந்தால் ஃபேன் காற்றில் காய வையுங்கள், நனைந்த கிளவுஸை பாலிதீன் பையில் போட்டு மூடினால் பூஞ்சை வந்துவிடும்.

ஆக, ஒரே ஒரு கிளவுஸ்தான் வாங்க முடியும், இன்றைக்கு செகண்ட் பேஸ் நாளைக்கு லெஃப்ட் ஃபீல்டு என்று சார் மாற்றி மாற்றி நிறுத்துகிறார் என்றால்: பேஸ்பாலுக்கு 12, சாஃப்ட்பாலுக்கு 12.5, மாட்டுத்தோல், ஹெச்-வெப். இரண்டும் ஆடுகிறவர் 12.5 எடுப்பது நல்லது, பெரிய கிளவுஸில் சின்னப் பந்தைச் சமாளித்துவிடலாம். இடம் உறுதியாகிவிட்டவர் மட்டும் அந்த இடத்துக்கானதைத் தேடிப் போகலாம். இடது கையால் எறிகிறவர்கள் மட்டும் கடை கடையாக அலைய வேண்டாம், அவர்களுக்கான எல்.ஹெச்.டி. கிளவுஸ் இங்கே அபூர்வமாகத்தான் ஸ்டாக்கில் இருக்கும். பள்ளி, கல்லூரி திறந்த கையோடு ஆர்டர் கொடுத்துவிடுங்கள், போட்டி தேதி அறிவித்த பிறகு கொடுத்தால் சீசன் முடிந்துதான் பார்சல் வரும்.