தடையே இல்லாமல் திரும்பிப் போகும் கேரேஜ் கதவு: சென்சாரா, விசையா, கதவேதானா?

கேரேஜ் கதவு பாதி வழி இறங்கிய பின் தானாகவே மேலேறிவிடுகிறது. மோட்டார்ப் பெட்டியில் விளக்கு மின்னுகிறது. வாசலிலோ ஒரு துரும்புகூட இல்லை. இந்த நிலையில் வீட்டுக்காரர் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன: சென்சாரைத் துடைத்து நேராக்குவது, மோட்டாரின் விசை அளவைக் கூட்டுவது, கதவு இறங்கி நிற்க வேண்டிய எல்லையைத் திருத்துவது, மோட்டாரை விட்டுவிட்டுக் கதவையே சீர்செய்வது. இவற்றை ஒரே கோளாறுக்கான நான்கு மாற்று வைத்தியங்களாக எண்ணி, எது கைக்கு எளிதோ அதிலிருந்து தொடங்குபவர்களே அதிகம். ஆனால் இந்த நான்கும் வெவ்வேறு கோளாறுகளுக்கு உரியவை. அவற்றுள் விசையைக் கூட்டும் வழி ஒன்றுதான், எதிர்ப்பால் வரும் கோளாறு எதுவாக இருந்தாலும் அதைத் தீர்க்காமல் மூடி மறைக்கக்கூடியது. அதனாலேயே அதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கதவைத் திறந்து மூடும் மோட்டார் இயந்திரமான ஓப்பனர் தடையை இரண்டு விதமாக அறிகிறது. முதலாவது, பார்த்து அறிவது: கதவின் இரு பக்கத்திலும் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் உள்ள இரண்டு சென்சார்களில் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்ப, எதிரில் இருப்பது அதைப் பெறுகிறது, கதவு இறங்கும்போது அந்தக் கதிர் அறுந்தால் மோட்டார் திசை மாற்றிக்கொள்கிறது. இரண்டாவது, தொட்டு அறிவது: வழக்கத்தைவிடக் கூடுதலான எதிர்ப்பை மோட்டார் உணர்ந்தால், அடியில் எதுவோ சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டிக் கதவைத் திருப்பிவிடுகிறது. குழந்தைகள் கதவுக்கு அடியில் சிக்கி உயிரிழந்ததன் விளைவாக, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர்களில் தொட்டுத் திரும்பும் வசதியோடு மின்கண் (மேலே சொன்ன கதிர் சென்சார்) போன்ற இரண்டாவது காப்பும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. ஆகவே "தடை இருக்கிறது" என்று இயந்திரம் சொல்லும்போது, அதைச் சொல்வது கண்ணா கையா என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை.

அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கதவு எங்கே திரும்புகிறது என்று கவனித்தாலே போதும். பொத்தானை அழுத்தியும் இறங்க மறுத்தாலோ, சிறிதே இறங்கி உடனே மேலேறினாலோ சென்சார்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் என்ற பெயர்களில் விற்கப்படும் ஓப்பனர் வகைகளில் இத்துடன் மோட்டார்ப் பெட்டியின் விளக்கும் பத்து முறை மின்னும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் திரும்பினால், அந்த உயரத்தில் கதவின் பக்கச் சக்கரமான ரோலரோ அது ஓடும் தண்டவாளமோ இடிக்கிறது என்று பொருள். தரையைத் தொட்டு, ஒரு கணம் நின்று, பிறகு மேலேறினால் அது எல்லை அமைப்பின் கோளாறு. காலையில் மட்டும் அல்லது மாலையில் மட்டும் மறுக்கும் கதவுக்கு வெயில் காரணமாக இருக்கலாம். குளிர்நாளில் மட்டும் மறுத்தால் இறுகிப்போன கிரீஸோ, தரையோடு ஒட்டிக்கொண்ட அடி ரப்பரோ காரணமாக இருக்கலாம்.

ஐயம் தீராவிட்டால் சுவரில் உள்ள பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். பெரும்பாலான ஓப்பனர்களில் அப்படிப் பிடித்திருக்கும் வரை சென்சாரின் சொல் எடுபடாது. கதவு முழுவதும் இறங்கி மூடிக்கொண்டால், பழுது சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கிறது என்று உறுதியாகிறது. ரிமோட்டால் இதைச் செய்ய முடியாது. கதவு முழுவதும் கண்ணில் படும் இடத்தில் நின்று, அடியில் யாரும் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். இது ஒரு சோதனை மட்டுமே. அன்றாடம் கதவை மூடும் வழியாக இதைப் பழக்கிக்கொள்ளக் கூடாது.

சென்சார் வழி: துடைப்பதா, நேராக்குவதா, மாற்றுவதா

சென்சார்தான் காரணம் என்று தெரிந்ததுமே புதிய ஜோடி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. தரையை ஒட்டி இருப்பதால் கண்ணாடி வில்லையில் தூசியும் ஈரமும் படிகின்றன. சிலந்தி வலை ஒன்று போதும், கதிரைக் கெடுக்க. மென்மையான துணியால் துடைத்த பிறகு இரு சென்சார்களிலும் உள்ள சிறு விளக்குகளைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இரு வகைகளில் அனுப்பும் சென்சாரில் மஞ்சள் விளக்கும், பெறும் சென்சாரில் பச்சை விளக்கும் இருக்கும். மஞ்சள் எரிந்து பச்சை மட்டும் அணைந்திருந்தாலோ துடித்தாலோ, கதிர் வந்து சேரவில்லை என்று பொருள். இரண்டுமே அணைந்திருந்தால் சென்சாரைத் திருப்பிப் பயனில்லை, மின்சாரமே அங்கு வரவில்லை. இதே வகைகளின் பழைய மாதிரிகளில் மோட்டார்ப் பெட்டியின் பின்புறம் ஒரு சிறு விளக்கு எண்ணிக்கையாலேயே பழுதைச் சொல்லும்: ஒரு மின்னல் என்றால் சென்சார் வயர் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது, இரண்டு என்றால் வயர்கள் ஒன்றோடொன்று பட்டிருக்கின்றன அல்லது இடம் மாறியிருக்கின்றன, நான்கு என்றால் சென்சார்கள் சற்றே விலகியிருக்கின்றன. அதை எண்ணிப் பார்க்காமலே சென்சாரை மாற்றுபவர்கள் ஏராளம்.

நேராக்கும் வேலையில் கவனிக்க வேண்டியது சென்சாரைவிட அதைத் தாங்கும் பிராக்கெட்தான். பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இறகு நட்டைத் தளர்த்தி, பச்சை விளக்கு துடிக்காமல் ஒரே சீராக எரியும் வரை சென்சாரை மெல்லத் திருப்பி, பிறகு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே சென்சார் விலகிவிடுவது வழக்கம் என்பதால், இறுக்கி முடித்த பின் விளக்கை மறுபடி பார்ப்பது நல்லது. இரு பக்கமும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்பதை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சில வீடுகளில் பிராக்கெட் சுவரில் இல்லாமல் தண்டவாளத்தில் மாட்டப்பட்டிருக்கும். கதவு ஓடும்போது தண்டவாளம் அதிர, சென்சாரும் அதிர்ந்து, கதிர் நொடிப் பொழுது தவறுகிறது. கதவு நடுவழியில் திரும்புகிறது. வெளித் தோற்றத்துக்கு இது விசைக் கோளாறு போலவே இருப்பதால் பலரை ஏமாற்றும். கதவு நிற்கையில் சீராக எரியும் பச்சை விளக்கு, கதவு ஓடுகையில் துடித்தால் காரணம் இதுவே.

வெயில் தனிக் கதை. சாய்ந்த வெயில் நேராகப் பெறும் சென்சாருக்குள் விழுந்தால் அது கதிரைப் பிரித்தறிய முடியாமல் திணறும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு: பெறும் சென்சாரின் முன் ஒரு சிறு அட்டைக் குழாயை நிழலாகச் செருகுவது ஒன்று, இரு சென்சார்களையும் பக்கம் மாற்றி, வெயில் வரும் பக்கத்தில் நின்று வெயிலுக்கு முகம் காட்டாதபடி பெறும் சென்சாரை அமைப்பது மற்றொன்று. குழாய் உடனடி வேலை, ஆனால் ஈரத்தில் அட்டை தளர்ந்து அதுவே கதிரை மறைக்கத் தொடங்கும். பக்கம் மாற்றுவதற்குச் சற்று நேரம் ஆனாலும் அதுவே நிலைக்கும்.

இத்தனைக்கும் பிறகு விளக்கு எரியாவிட்டால், சென்சார் கெட்டதா வயர் கெட்டதா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஓப்பனரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இரு சென்சார்களையும் கழற்றி மோட்டார்ப் பெட்டிக்கு அருகே கொண்டுபோய், குட்டையான புது வயரால் அதன் முனைகளில் நேரடியாக இணைத்து, ஒன்றையொன்று பார்க்க வைத்து, மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். விளக்குகள் இப்போது ஒழுங்காக எரிந்தால் சென்சாரில் குறையில்லை. சுவரில் ஸ்டேப்பிள் அடித்த இடத்தில் நசுங்கியோ, எலி கடித்தோ பழைய வயர்தான் போயிருக்கிறது. எரியாவிட்டால் மட்டுமே புது ஜோடி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. சோதனை முடிந்ததும் சென்சார்கள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அவற்றை மேலேயே எதிரெதிராகக் கட்டிவைத்து, என்றென்றைக்கும் "வழி தெளிவு" என்று சொல்ல வைத்துவிடுபவர்கள் உண்டு. செலவில்லாத அந்தத் தீர்வை நான்கு வழிகளோடு ஐந்தாவதாகச் சேர்க்க என்னால் முடியாது. குழந்தையோ நாயோ கதவின் கீழ் வரும் வீட்டில் அது காப்பையே அறுத்துவிடும் செயல்.

விசையைக் கூட்டுவதா, கதவைச் சீர்செய்வதா

சென்சாரில் குறையில்லை என்றால் எஞ்சுவது உண்மையான எதிர்ப்பு. இங்கேதான் போட்டி கடுமையானது. பழைய ஓப்பனர்களில் ஏறும் விசைக்கும் இறங்கும் விசைக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. புதியவற்றில் பல, கதவை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு அளவைத் தாமே கற்றுக்கொள்கின்றன. திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் கதவு சத்தமில்லாமல் இறங்கிவிடும் என்பதே இந்த வழியின் கவர்ச்சி. ஆனால் அந்தத் திருப்பம் கதவின் எடையையோ உராய்வையோ குறைக்கவில்லை; மோட்டார் இன்னும் பலமாகத் தள்ளிய பிறகே சந்தேகப்படட்டும் என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் பலம் அடுத்த முறை ஒரு காலின் மீதும் இறங்கும்.

கதவைச் சீர்செய்யும் வழி, கதவை மூடிய நிலையில், அதை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுப்பதிலிருந்து தொடங்குகிறது. கதவு மேலே இருக்கும்போது அதை இழுக்கக் கூடாது. கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கதவு முழு எடையோடும் விழும். கயிற்றை இழுத்ததும் மோட்டாரின் பிடி விடுபடும். கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி மெல்லப் பிடியைத் தளர்த்திப் பார்க்கலாம். சமநிலை உள்ள கதவு அங்கேயே நிற்கும் அல்லது மிக மெதுவாக நகரும். கனமாகக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. இடையில் எங்காவது உரசி நின்றால் ரோலரையோ தண்டவாளத்தையோ பார்க்க வேண்டும். சாதாரண டார்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் ஏறத்தாழ 10,000 சுற்றுகளுக்கென்று செய்யப்படுகின்றன. ஒருமுறை திறந்து மூடுவது ஒரு சுற்று. நாளைக்கு நான்கு முறை ஓடும் கதவில் அது ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலம் கடந்த கதவின் கூடுதல் கனத்தைத்தான் மோட்டார் "தடை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்; அது பொய் சொல்லவில்லை.

ரோலரின் பேரிங்குகளிலும் கீல்களிலும் சிலிகோன் அல்லது லித்தியம் கிரீஸ் இடுவது யாரும் செய்யக்கூடிய வேலை. தண்டவாளத்துக்குள் கிரீஸ் பூசுவது பயனற்றது. அது தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கும், அதனால் தண்டவாளத்தைத் துடைத்து வைப்பதே போதும். ஸ்பிரிங், அதன் கேபிள், கேபிள் பொருந்தும் அடிப் பிராக்கெட் ஆகியவை வேறு வகை. கதவின் முழு எடையையும் தாங்கும் இழுவிசை அவற்றில் எப்போதும் அடங்கியிருப்பதால், ஸ்பிரிங்கை முறுக்குவதற்கு உரிய கம்பிகளும் பயிற்சியும் இல்லாதவர் நட்டைத் தளர்த்தினால் எலும்பு முறியும். இந்த ஓர் இடத்தில் ஆள் வைத்துச் செய்வதே சரி.

எல்லை அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவு தரையை அடைந்த பிறகும் இன்னும் இறங்க வேண்டும் என்று மோட்டார் எண்ணிக்கொண்டிருந்தால், தரையே அதற்குத் தடையாகிறது. இறங்கும் எல்லையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அடி ரப்பர் தரையில் அழுந்தும் அளவில் நிறுத்தினால் போதும். அதற்கு முன் வாசல் விளிம்பில் சிறு கல்லோ உறைந்த பனியோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

விசையையோ எல்லையையோ எதற்காகத் தொட்டிருந்தாலும், சுமார் 4 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு மரத்துண்டை வாசலின் நடுவில் தட்டையாகப் படுக்கவைத்துக் கதவை இறக்கிப் பார்க்க வேண்டும்; மரத்தைத் தொட்டவுடன் கதவு திரும்பிவிட வேண்டும். இதை மாதம் ஒருமுறை செய்யச் சொல்வது வழக்கம். சமநிலையுள்ள கதவில், விசையைக் குறைத்து வைத்தும், மரத்துண்டின் மேல் கதவு அழுந்தி நின்றுவிட்டால் அந்த ஓப்பனரைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மேல். சென்சார் இணைக்க இடமே இல்லாத, 1993-க்கு முந்திய ஓப்பனர்களுக்கும் இதையே சொல்வேன்.